உப்புத்தாள் போட்ட முகம்

என் முகத்தை முதன்முதலில் சரிசெய்தவர் டாக்டர் இல்லை, போட்டோக்காரர். பினாங்கில் வேலை பார்க்கும் ஒரு வரனுக்கு அனுப்பப் படம் வேண்டும் என்று அத்தை என்னைத் திருமயத்தில் பஸ் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போயிருந்தாள். ஸ்டூடியோக்காரர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்து, டச்சிங் பண்ணிவிடலாமா என்று கேட்டார். அதற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தது என்றாள் அத்தை. என்னை யாரும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் படம் வந்தது. நெகட்டிவின் மேல் கூரான பென்சிலை வைத்து ஒவ்வொரு பள்ளமாக அடைத்திருந்தார் மனுஷன். என் கன்னங்கள் இரண்டும் அப்போதுதான் மெழுகிய தரை போல இருந்தன. கண் என்னுடையது, மூக்கு என்னுடையது, ரவிக்கைகூட என்னுடையதுதான். நடுவில் இருந்த தோல் மட்டும் ஸ்டூடியோக்காரருடையது.

எனக்கு எட்டு வயதில் பெரியம்மை வந்தது. அதே அம்மையில்தான் என் அம்மா போனாள். நான் தப்பித்தேன், இரண்டு கன்னத்திலும் நெற்றி ஓரத்திலும் குழி குழியாகத் தழும்பு நின்றுவிட்டது. அதன்பிறகு அப்பாவின் அக்காவான இந்த அத்தை வந்து எங்களோடு தங்கி என்னை வளர்த்தாள். அந்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் என் மோவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, மூஞ்சி இப்படி ஆகிப்போச்சே என்று உச்சுக் கொட்டிவிட்டுத்தான் காபி குடித்தார்கள். பிள்ளை பிழைத்துவிட்டதே என்று ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. எனக்கு இதில் ரொம்ப நாள் கோபம் உண்டு. இப்போதும் இருக்கிறது.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. திருமயத்தில் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அதுவரை மூன்று வீட்டார் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று பேருமே ரொம்ப மரியாதைக்காரர்கள். எழுந்து நின்று கைகூப்பி, போய்ட்டு வாரோம், சொல்லி அனுப்புறோம் என்று ஒன்றுக்கு இரண்டுதரம் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒருத்தர்கூடத் திரும்பி வரவில்லை, சொல்லியும் அனுப்பவில்லை.

பினாங்கிலிருந்து பதில் வந்தது, கூடவே அவருடைய படமும். பெண்ணைப் பிடித்திருக்கிறது, தை மாதம் ஊருக்கு வருகிறேன், வந்ததும் நேரில் பார்த்து மற்றதைப் பேசிக்கொள்ளலாம் என்று அப்பாவுக்கு எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு வரி கூடுதலாக இருந்தது: இங்கே மெஸ் சாப்பாட்டில் எல்லாமே ஒரே ருசியாக இருக்கும், கண்ணை மூடிக்கொண்டால் ரசமா பாயசமா என்று தெரியாது, அதனால் ஊருக்கு வரும் ஆசையில் பாதி சாப்பாட்டு ஆசைதான், தப்பாக நினைக்கவேண்டாம். இந்த இரண்டு வரியை நான் அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்து ஏழெட்டுத் தடவை படித்தேன். பொய் சொல்வானேன், எனக்கு ஆசை வந்துவிட்டது. இந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்று இருந்தது. அவர் பினாங்கில் மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதோ வேறு ஒருத்தியின் கன்னம்.

படத்தை இனிமேல் மாற்றமுடியாது, அது கடல் தாண்டிவிட்டது. ஆகவே முகத்தை மாற்றுவது என்று அத்தை முடிவெடுத்தாள்.

திருச்சியில் ஒரு டாக்டர் சீமையில் படித்துவிட்டு வந்திருக்கிறார், தோலைச் சீவி அம்மைத் தழும்பைக் குறைக்கிறார் என்று அப்பாவின் ஆபீசில் யாரோ சொன்னார்கள். ஐப்பசியில் மூன்று பேரும் போனோம். டாக்டர் நல்ல மனிதர், ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாம் சொன்னார். முகத்தில் மருந்தைப் பீச்சி மரத்துப்போகச் செய்துவிட்டு உப்புத்தாளால் மேல்தோலைத் தேய்ப்பாராம். அப்பா திடுக்கிட்டு, கதவுக்குப் போடும் உப்புத்தாளா என்று கேட்டார். அதேதான், ஆவியில் வேகவைத்துச் சுத்தம் பண்ணியிருப்போம், கதவுக்கு அந்த மரியாதை கிடையாது என்றார் டாக்டர்.

தேய்த்தால் ரத்தம் வரும். ஒருநாள் பூரா நீர் கசியும். மூன்றாம் நாள் முகமெல்லாம் பொருக்குக் கட்டும், அதைக் கையால் தொடக்கூடாது, தண்ணீர் படக்கூடாது, மஞ்சள் கிஞ்சள் பூசக்கூடாது. பத்துப் பன்னிரண்டு நாளில் தானாக உதிரும். உதிர்ந்தபின் முகம் இரண்டு மாதத்துக்குச் சிவந்துகிடக்கும். வெயிலில் போனால் கருத்துவிடும், ஒருவேளை போகாவிட்டாலும் அங்கங்கே கருக்கலாம். மேலாக இருக்கும் குழி போகும், ஆழமான குழி போகாது. மொத்தத்தில் பாதி குறைந்தால் அதிர்ஷ்டம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, காதுக்குக் கீழே ஒரு காலணா அளவு தேய்த்து, இது எப்படி ஆறுகிறது என்று பார்த்துவிட்டு மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்றார்.

அத்தை மடியிலிருந்து படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். இதுமாதிரி ஆகுமா என்று கேட்டாள். டாக்டர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதுமாதிரி ஆகவேண்டுமானால் நீங்கள் அந்த ஸ்டூடியோவுக்குத்தான் போகவேண்டும் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை அப்பாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "கொறையும்னுட்டாரு தம்பி." அவ்வளவு நேரம் டாக்டர் பேசியதில் அவள் காதில் விழுந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

கார்த்திகையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக்கொடுத்துவிட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டேன். வலியைப்பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, மரத்துப்போன முகத்துக்கு வலி தெரியாது. சத்தம்தான் தாங்கவில்லை. நம் முகத்தைத் தேய்க்கும் சத்தத்தை நாமே கிட்டத்திலிருந்து கேட்பது நல்ல அனுபவம் இல்லை. எங்கள் வீட்டு ஜன்னலுக்கு ஆசாரி உப்புத்தாள் போட்டபோது, சீக்கிரம் முடியுங்கள் என்று அவரை விரட்டியது ஞாபகம் வந்தது. இந்த டாக்டரை யாரும் விரட்டக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மூன்றாம் நாள், சொன்னபடி பொருக்குக் கட்டிய முகத்தோடு, முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கீரனூர் தாண்டும்போது காற்றில் முக்காடு விலகிவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், எழுந்து பின்னால் போனாள். முன் சீட்டில் இருந்தவரும் போனார். புதுக்கோட்டை வருவதற்குள் எங்களைச் சுற்றி நாலு வரிசை காலி. பஸ்ஸில் அவ்வளவு வசதியாக நான் அதற்குமுன் உட்கார்ந்ததில்லை. அப்போதும் எங்களுக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் புரிந்தது. எதிர்வீட்டு அம்மாள் உறைமோர் கேட்டு நேராக உள்ளே வந்துவிட்டாள். பாயில் படுத்திருந்த என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள். "தாயே, எப்ப வந்த?" என்றாள். என்னை இல்லை, என் முகத்தைக் கேட்டாள்.

அத்தைக்கு அந்த இடத்தில் இரண்டே வழிதான். டாக்டரிடம் போனோம் என்று சொன்னால், மாப்பிள்ளை வருவதற்குள் முகத்தைத் தேய்த்துக்கொண்ட கதை பஸ் பஸ்ஸாக ஏறி அறந்தாங்கிவரை போய்விடும். மாப்பிள்ளையின் அம்மா இருப்பது அறந்தாங்கியில்தான். சொல்லாமல் இருந்தால் அம்மை. அத்தை வாயைத் திறக்கவில்லை. அரைமணி நேரத்தில் எங்கள் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. எதிர்வீட்டு அம்மாளே செருகிவிட்டுப் போனாள்.

அம்மை கண்ட வீட்டின் சட்டதிட்டம் எல்லாம் அன்றிலிருந்து ஆரம்பம். தாளிக்கக்கூடாது, மிளகாய் வறுக்கக்கூடாது, தலை வாரக்கூடாது, துணி வெளுக்கப் போடக்கூடாது. வருகிறவரை வாருங்கள் என்று கூப்பிடக்கூடாது, போகிறவர் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அப்பா பத்து நாளாகக் கடுகு பொரியாத குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போனார். எதிர்வீட்டு அம்மாள் தினமும் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து, என் முகத்தில் அப்புவதற்குக் கொண்டுவருவாள். மஞ்சள் படக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. வாங்கி வைத்துக்கொள்ளாவிட்டால் சந்தேகம் வரும். அத்தை அதைப் பயபக்தியோடு வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு தன் முகத்தில் பூசிக்கொண்டாள். என்னைவிட அவள் முகத்துக்குத்தான் அந்தக் கார்த்திகையில் நல்ல மினுமினுப்பு வந்தது.

தெருவில் ஒரே பேச்சு. ஒருதரம் வந்தவருக்கு மறுதரம் வராதே, இவளுக்கு எப்படி வந்தது? என்ன குறை வைத்தார்களோ, எந்த வேண்டுதலை மறந்தார்களோ என்றார்கள். இதைக் கேட்டதும் அத்தைக்கு உள்ளூர உதறல் எடுத்துவிட்டது. மாரியம்மன் கொடுத்த தழும்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அவள் சும்மா இருப்பாளா என்று அவளுக்கே தோன்றிவிட்டது. திருச்சியில் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான், ஆனாலும் நாலாம் நாளிலிருந்து என்னை ஏடி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "தாயே, மோர் குடிக்கிறியா?" என்று குனிந்து கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, காபி வேண்டும் என்றேன். வந்தது. இந்த ஒரு சௌகரியத்தை நான் மூன்று நாள் நன்றாக அனுபவித்தேன்.

அம்மை குத்துகிற அதிகாரி ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். என் கையைப் பார்த்தார், உள்ளங்காலைப் பார்த்தார், முகத்தில் மட்டும் இருக்கிறதே, புத்தகத்தில் இப்படி இல்லையே என்றார். அவள் இஷ்டம் என்று அத்தை மேலே கையைக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தெரு முழுவதற்கும் குத்திவிட்டார். ஒரு வாரம் எங்கள் தெருவில் ஒருத்தராலும் இடதுகையைத் தூக்கமுடியவில்லை. ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கும்படியே திட்டினார்கள். அவர்களுக்கு நல்லதுதான் நடந்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஏழாம் நாள் பகல் பதினோரு மணி இருக்கும். பொருக்கு நன்றாகக் கறுத்து, வெடித்து, முகம் இனி இதைவிட மோசமாக முடியாது என்கிற கட்டத்தில் இருந்தது. நான் வேப்பிலை பரப்பிய பாயில் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தேன். வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவி வாரிய அடர்த்தியான கிராப்பு, நறுக்கின மீசை, கையில் பெரிய பிஸ்கட் டப்பா. அவர் அனுப்பியிருந்த படத்தில் பார்த்த அதே முகம். தையில் வரவேண்டியவர், முந்தின கப்பலில் இடம் கிடைத்து நாகப்பட்டினத்தில் இறங்கி, அம்மாவைப் பார்த்த கையோடு இங்கே வந்துவிட்டார்.

அவர் கண் முதலில் வேப்பிலைக் கொத்துக்குப் போனது, பிறகு எனக்கு வந்தது. அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்து நின்றாள். வாருங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை, சொல்லவும் கூடாது. நான் முகத்தை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் எதனாலோ மூடவில்லை. பார்த்துத்தான் போகட்டுமே என்று ஒரு வீம்பு. ஒரு நிமிஷம் நின்றிருப்பார். அப்புறம் ஒரு வார்த்தை சொல்லாமல், பிஸ்கட் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

அத்தை டப்பா போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு வந்த குழப்பத்தை என்னவென்று சொல்ல? அம்மை கண்ட வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது. ஆகவே அவர் பேசாமல் போனது வழக்கத்துக்காகவா, வெறுத்துப்போயா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வழக்கம் தெரிந்தவர் என்று ஒரு மனசு சொல்லும். கப்பலைப் பிடிக்கப் போய்விட்டார் என்று இன்னொரு மனசு சொல்லும். அழலாம் என்றால் கண்ணீர் பட்டால் பொருக்கு ஊறிவிடும், டாக்டர் கூடாது என்றிருக்கிறார். அன்று நான் அழாமல் இருக்கப் பட்ட பாடு உப்புத்தாளைவிட அதிகம்.

பன்னிரண்டாம் நாள் பொருக்கு முழுவதும் உதிர்ந்தது. அத்தை கண்ணாடியையும், எங்களிடம் மீதியிருந்த பிரதியான அந்தப் படத்தையும் கொண்டுவந்து, என் கன்னத்துக்குப் பக்கத்தில் படத்தை வைத்துப் பார்த்தாள். முகம் குங்குமம் அப்பினதுபோல் சிவந்திருந்தது. நெற்றி ஓரத்துக் குழிகள் போய்விட்டன. கன்னத்தில் பாதி ஆழம் குறைந்திருந்தது, மீதி பாதி அசையவில்லை. டாக்டர் எதைச் சொன்னாரோ அது அப்படியே நடந்திருந்தது. அத்தை படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் நான் அழுதேன். இனிமேல் ஊறுவதற்கு ஒன்றும் இல்லை.

ஊருக்காக, அம்மை இறங்கினவருக்கு ஊற்றும் மூன்று தலைத்தண்ணீரும் ஊற்றி, வேப்பிலையை எடுத்தோம். பினாங்குக்காரரிடமிருந்து கடிதம் இல்லை. எழுதிக் கேட்கவா என்றார் அப்பா. வேண்டாம் தம்பி, விட்டுவிடு என்றாள் அத்தை. அவள் ஒன்றை விட்டுவிடு என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். மழுங்க அடித்த மொட்டை, மொட்டையில் சந்தனம், மீசை இல்லை, மஞ்சள் வேட்டி, தோளில் துண்டு. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு வீடு வீடாக மடிப்பிச்சை எடுக்கிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அத்தை உள்ளே போய் உழக்கு நிறைய அரிசி கொண்டுவந்தாள். அந்த ஆள் ஒரு கணம் தயங்கிவிட்டு, சாமி பேரால் வருவதை மறுக்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, துண்டை விரித்து வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஆத்தா எறங்கியாச்சுங்களா?"

குரல் புதிது. கண் பழையது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அத்தைக்கு உழக்கு கையிலிருந்து விழுந்தது. "எறங்கியாச்சுங்க, உள்ள வாங்க" என்று, பத்துப் பதினைந்து நாளாக அடக்கி வைத்திருந்த ‘வாங்க’க்களை எல்லாம் சேர்த்து நாலைந்து தரம் சொன்னாள்.

அன்று இங்கிருந்து போனவர் அறந்தாங்கி பஸ் கண்டக்டரிடம் சொல்லி வைத்திருந்திருக்கிறார். பஸ் நிற்பது எங்கள் வீட்டுக்கு எதிரே. வேப்பிலை தொங்குகிறதா இல்லையா என்று தினமும் கண்டக்டர் பார்த்துச் சொல்லவேண்டியது. எடுத்துவிட்டார்கள் என்ற தகவல் வந்ததும் நேராக நார்த்தாமலை மாரியம்மன் கோவிலுக்குப் போய், வேண்டிக்கொண்டபடி முடி இறக்கிவிட்டு வருகிறார். இதையெல்லாம் துண்டில் அரிசியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு பெரிய அம்மைக்கு இவ்வளவு லேசாகத் தழும்பு விட்டிருக்கிறாளே, ஆத்தா கருணைதான் என்றார்.

அத்தையின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. எல்லாம் ஒரே நொடியில் சரியாகிவிட்டது. படம் நிஜம், குழி இப்போது வந்தது, ஸ்டூடியோக்காரரும் இல்லை, டாக்டரும் இல்லை. நான் செய்யவேண்டியது வாயை மூடிக்கொண்டு நிற்பது ஒன்றுதான். அவள் என் முழங்கையைக் கிள்ளிச் சைகை காட்டினாள். நானும் சும்மா இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்த மொட்டையில், காதுக்கு மேலே, நாவிதர் கத்தி பட்ட இடத்தில் ஒரு சின்னப் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"இது இப்ப வந்தது இல்லீங்க. எட்டு வயசுல வந்தது. படத்துல பென்சிலை வச்சு அடைச்சிருந்தாங்க. திருச்சியில டாக்டர்கிட்ட உப்புத்தாள் போட்டுக்கிட்டேன். நீங்க அன்னைக்குப் பாத்தது அதோட பொருக்கு. இதுக்கு மேல கொறையாதுன்னுட்டாரு."

அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மொட்டையை முன்னாலிருந்து பின்னால்வரை தடவினார். எட்டு வயதில் வந்தது நிஜ அம்மைதானா என்று கேட்டார். ஆமாம், அம்மா அதில்தான் போனார்கள், நான் பிழைத்தேன் என்றேன்.

"நான் மொகத்துக்கு வேண்டிக்கலீங்க. உசுருக்குத்தான் வேண்டிக்கிட்டேன். பொழச்சிருக்கீங்கல்ல. முடி குடுக்குறதுதான் பதினாலு வருஷம் லேட்டாப் போச்சு."

அந்த வீட்டில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை அது. நான் பிழைத்திருக்கிறேன் என்று எனக்கே அன்றுதான் தெரிந்ததுபோல் இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு நன்றாக அழுதேன். அழுது முடித்துத் திரும்பினால் அவர் இன்னும் அரிசியோடு நின்றுகொண்டிருக்கிறார். இதை எங்கே கொட்டட்டும் என்று கேட்டார். பிறகு, தாளித்த குழம்பு இருக்குமா, அறந்தாங்கியில் தானும் இத்தனை நாள் கடுகு சேர்க்கவில்லை என்றார்.

தையில் கல்யாணம். படம் எடுக்க அதே ஸ்டூடியோவுக்குப் போனோம். அவர் தலையில் முடி அப்போதுதான் முள்ளுமுள்ளாக முளைத்திருந்தது. போட்டோக்காரர் வழக்கப்படி அத்தையைப் பார்த்து, டச்சிங் என்று ஆரம்பித்தார். அத்தை என்னைப் பார்த்தாள். அந்த ஸ்டூடியோவில் முதல்தடவையாக என்னிடம் கேட்கப்பட்டது. என் முகத்தில் கை வைக்கவேண்டாம் என்றேன். மாப்பிள்ளை மட்டும் கொஞ்சம் கூச்சத்தோடு போட்டோக்காரர் காதில் ஏதோ சொன்னார்.

படம் இன்னும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. குழி குழியாக இருக்கும் அந்தக் கன்னம் முழுக்க என்னுடையது. பக்கத்தில் நிற்பவரின் கிராப்பு மட்டும் ஸ்டூடியோக்காரருடையது.